காத்தாயி தேடிப்போன பொடிக்காரன்

செந்துறைப் பக்கத்தில் காத்தாயியிடம் அடி வாங்காத ஆம்பளையே கிடையாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அது கூட்டிச் சொல்வது. அப்போதைக்கு அவள் கையால் அடி வாங்கியிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் டிராக்டர்காரன். பூ வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் இடுப்பில் அவன் கை வைத்ததைப் பார்த்துவிட்டு, பந்தலுக்கு நட்டிருந்த மூங்கிலை உருவி வாயிலேயே போட்டாள். முன்பல் இரண்டு போயிற்று. இன்னொருவன் அவளுடைய புருஷன் அங்கமுத்து.

அங்கமுத்து ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். குடித்துவிட்டு வந்தால் கை நீளும். ஆனால் காத்தாயி வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருகிறவள் இல்லை. அவன் ஒன்று வைத்தால் அவள் இரண்டு வைப்பாள். சண்டை தெருவுக்கு வரும், ஆட்கள் விலக்குவார்கள், விடிந்ததும் இருவரும் ஒரே தட்டில் பழைய சோறு தின்றுகொண்டிருப்பார்கள். ஒருமுறை அவன் நெற்றியை அவளே பிளந்துவிட்டு, அவளே தையல் போடக் கூட்டிப் போனாள்.

"கதவு இடிச்சிடுச்சு" என்று நர்சிடம் சொன்னாள்.

"ஆமாங்க. எங்க வூட்டுக் கதவுக்குக் கை உண்டு" என்றான் அங்கமுத்து. நர்சால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்படி ஒரு குடும்பம். ஒரே மகள் கவியா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள்.

காத்தாயியின் பிழைப்பு கண்வலிக்கிழங்குக் காட்டில். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கொடி பூத்தால் காடே தீப்பிடித்தது போல் இருக்கும். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பாக மாறும் பூ. அது தானாகக் காய்ப்பது குறைவு. ஆள் கையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் நுனியில் தொட்டுவிட்டால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். காய்க்குள் இருக்கும் விதைக்குத்தான் விலை. மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கருக்கலிலேயே பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் பூ தொட்டு முடிப்பது காத்தாயியின் பொறுப்பு.

கிழங்கு விஷம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மூட்டு வீக்கத்துக்கு அரைத்து மேலே பற்றுப் போட்டோம், பிரசவ வலி எடுக்கத் தொப்புளில் பூசினோம் என்று வயதானவர்கள் சொல்வார்கள். வாயில் வைத்தவர்களின் கதையையும் கூடவே சொல்வார்கள். அந்தக் கதைகள் எல்லாம் சுடுகாட்டில் முடியும். பொழுதோடு வேலை முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலை மடிக்கிறவளின் கையைக் காத்தாயி ஓங்கித் தட்டிவிடுவாள்.

அங்கமுத்துவுக்குக் கால் கட்டைவிரலில் வலி வந்தது. விரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்தினான். அரியலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று சொல்லிச் சின்னச் சின்ன மாத்திரையாகக் கொடுத்தார்கள். அளவு தப்பக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். மாத்திரைக்கு வலி கேட்டது. ஆனால் வயிற்றால் போயிற்று. கல் ஏற்றிய லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு எத்தனை தடவை முள்காட்டுக்குள் ஓடுவது? டாக்டரிடம் திரும்பப் போய்ச் சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அவன் போகவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு, சந்தையில் மைக் வைத்துக் கத்திக்கொண்டிருந்த ஒருவனிடம் மூட்டு வலிப் பொடி வாங்கினான். காத்தாயிக்குத் தெரிந்தால் சத்தம் போடுவாள் என்று, அவள் காட்டுக்குப் போன பிறகு பாலில் கலக்கிக் குடித்தான்.

அன்று மத்தியானம் லாரிக் கிளீனர் அவனைப் பைக்கில் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டி, வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். தொண்டை எரிகிறது என்றான். வாந்தி நிற்கவில்லை. வயிற்றால் தண்ணீராகப் போனது. பாய், சட்டை, கைலி எல்லாம் நனைந்து, ஆள் சாயங்காலத்துக்குள் பாதியாக வற்றிவிட்டான். அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காத்தாயியின் மணிக்கட்டை நசுக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு சொன்னான்.

"சந்தையில வாங்குன பொடிடி. பச்சை டிவிஎஸ் வண்டிக்காரன். மூட்டுக்குன்னு சொன்னான்."

"எங்கய்யா மிச்சம்?"

"சட்டைப் பையில."

அந்தச் சட்டை, வாந்தியில் ஊறிய பாயோடு சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் அதற்குள் எரிந்துபோயிருந்தது. நாற்றம் தாங்காமல் எரித்தவள் அங்கமுத்துவின் தங்கை புவனேஸ்வரி.

மறுநாள் அவன் கொஞ்சம் தெளிந்தான். இட்லி கேட்டான். அதற்கடுத்த நாள் ஈறில் ரத்தம் கசிந்தது; மூச்சு இழுத்தது; கண்ணின் வெள்ளையிலும் ரத்தம் பரவியது. டாக்டர் வெளியே வந்து காத்தாயியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க ஊருல கண்வலிக்கிழங்கு போடுறாங்களா?"

"போடுறாங்க சார். நானே அதுலதான் வேலை பாக்குறேன்."

"இது அந்த விஷம் மாதிரிதான் தெரியுது. இதுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. ஒடம்பு தாங்குற வரைக்கும் நாங்க தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான்."

அன்றைக்கே அங்கமுத்து இறந்தான்.

பிணவறைக்கு வெளியே, டாக்டர் சொன்னது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்ப் புவனேஸ்வரியின் காதில் விழுந்தது. அவள் ஓடிவந்து காத்தாயியின் கொண்டையைப் பிடித்துத் தரையில் சாய்த்தாள்.

"கிழங்கு உன் கையிலதானடி இருக்கு! எங்கண்ணன் அடிச்சதுக்கு அரைச்சுக் குடுத்துட்டியா? அரைச்சுக் குடுத்துட்டியாடி?"

செருப்பால் அடித்தாள். செருப்பு வார் அறுந்ததும் கையால் அடித்தாள். வேப்பமரத்தடியில் நின்ற ஆண்கள் விலக்க வரவில்லை. அவர்களுக்கும் அதே சந்தேகம். வாங்கிய அடியை வட்டியோடு திருப்பிக் கொடுத்தே பழகிய காத்தாயி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கையைத் தூக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வடிந்தது. அவள் மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

போலீசும் அதையே கேட்டது. கூப்பிட்டு உட்காரவைத்து, "நீதானே பூ வேலைக்கு மேஸ்திரி? கிழங்கு பழக்கம்தானே? ரெண்டு பேருக்கும் அடிக்கடி சண்டையாமே?" என்றார் எஸ்.ஐ. பொடிக்காரனைப் பற்றிச் சொன்னாள். பாக்கெட் எங்கே என்றார். எரிந்துவிட்டது என்றாள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, குடல் பரிசோதனை ரிசல்ட் வரும், அதுவரை ஊரைவிட்டுப் போகாதே என்று அனுப்பினார்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். காரியம் முடிந்த அன்று மகள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. திருப்பூருக்குக் கிளம்பிய கவியா, பையைத் தோளில் மாட்டியபடி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா... நீ ஏதும் குடுக்கலதான?"

காத்தாயி அவள் கன்னத்தில் அறைந்தாள். மகள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். வாசலில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கவியா எழுந்து, பஸ் ஏறப் போய்விட்டாள்.

மறுநாள் காலை காத்தாயி அரிவாளை எடுத்து ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். புவனேஸ்வரி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. போகலாம்."

"உன்கூட நான் எதுக்குடி வரணும்?"

"பொடிக்காரனத் தேடப் போறேன். கண்டுபுடிச்சா அவனுக்கு. இல்லன்னா எனக்கு. அரிவாள் இதோ, நீயே வச்சுக்க."

பையை அவள் காலடியில் போட்டாள். புவனேஸ்வரி கையில் ஒட்டிய சாம்பலைக் கழுவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டாள்.

"ஆள் கெடைக்கலன்னா உன்னைய அங்கயே வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போவேன்."

"போ."

அதற்கப்புறம் அந்த இரண்டு பெண்களும் சந்தை சந்தையாக அலைந்தார்கள். ஆண்டிமடம் போனார்கள், உடையார்பாளையம் போனார்கள், ஜெயங்கொண்டம் போனார்கள். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தாலும் பேசிக்கொள்ளவில்லை. பசித்தால் ஒருத்தி இந்த டீக்கடை, இன்னொருத்தி எதிர்க் கடை. ஆனால் அரிவாள் பை புவனேஸ்வரியின் மடியைவிட்டு இறங்கவில்லை. உடையார்பாளையத்தில் பாத்திரக்கடைக்காரர் ஒருவர், பச்சை வண்டியில் வரும் மருந்துக்காரனைத் தெரியும் என்றார். பெயர் இளையபெருமாள், துறையூர்ப் பக்கத்துக்காரன், இப்போதெல்லாம் அரும்பாவூர்ச் சந்தைக்குத்தான் போகிறான் என்றார்.

அரும்பாவூரில் அன்று நல்ல கூட்டம். சின்ன வெங்காய மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் பச்சை டிவிஎஸ் நின்றது. தரையில் விரித்த சாக்கின் மேல் வேர்களும் பட்டைகளும் பொடிப் பொட்டலங்களும். ஒல்லியாக, மீசைக்கு மை தடவிய ஓர் ஆள் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, கம்மிய குரலில் கூவிக்கொண்டிருந்தார்.

"முழங்கால், முதுகு, கணுக்கால்... எந்த மூட்டா இருந்தாலும் மூணே நாளுல..."

வாக்கியம் முடியவில்லை. காத்தாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மைக்கோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தாள். ஒலிபெருக்கி கிறீச்சென்று அலறியது. முதல் குத்து மூக்கில் விழுந்தது. இளையபெருமாள் தன் பொட்டலங்களின் மேலேயே மல்லாந்து விழுந்தார். அவள் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் மாறி மாறி அறைந்தாள்.

"மூணே நாளுலதான்டா போனாரு! மூணே நாளு! என்னடா குடுத்த என் வூட்டுக்காரருக்கு?"

"யாரும்மா நீ? யாரு உன் வூட்டுக்காரரு? ஐயோ, கொல்லுறாளே!"

இரண்டு பேர் அவளைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தார்கள். புவனேஸ்வரி பையிலிருந்து அரிவாளை உருவினாள். இழுத்தவர்கள் பின்வாங்கினார்கள். வட்டமாக இடம் விட்டுக் கூட்டம் நின்றது. சிலர் போனில் படம் பிடித்தார்கள்.

காத்தாயி மூச்சிரைக்கச் சொன்னாள். இந்தப் பொடியைத் தின்றுதான் தன் புருஷன் செத்தான், இதில் கண்வலிக்கிழங்கு இருக்கிறது என்றாள். இளையபெருமாள் எழுந்து உட்கார்ந்தார். மூக்கிலிருந்து ரத்தம் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் பயத்தைவிட அவமானம்தான் அதிகமாகத் தெரிந்தது.

"இது அமுக்கராக் கிழங்கும்மா. அமுக்கரா! இருவது வருசமா விக்குறேன். என் பொண்டாட்டிக்குக் குடுத்திருக்கேன். விசத்த விக்குறவனா நானு? ஏங்க, எல்லாரும் பாருங்க!"

ஒரு பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார். உள்ளங்கை நிறையக் கொட்டினார். வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டிச் சுற்றிக் காட்டினார். கூட்டத்தில் ஒருவன் விசில் அடித்தான்.

எத்தனையோ நாளாகக் காத்தாயி மனசுக்குள் பார்த்துவந்த காட்சி அதுதான். அவன் வாயைப் பிளந்து அந்தப் பொடியைத் திணிக்க வேண்டும், அங்கமுத்து துடித்த மாதிரி அவன் துடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு சந்தைக்கும் போனாள். இப்போது திணிக்காமலே நடந்துவிட்டது. அவள் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். அப்படியே நின்றாள்.

இளையபெருமாள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து ஜெயித்தவர் போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கியது. விஷம் என்று தெரிந்தவன் இப்படி விழுங்க மாட்டான். இந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியாது.

"புவனா, இவனுக்குத் தெரியல" என்றாள்.

"தெரியலன்னா? சாவட்டும். எங்கண்ணன் சாவலயா?"

"தெரிஞ்சு குடுத்திருந்தா நானே வெட்டியிருப்பேன். இது அப்படி இல்லடி."

காத்தாயி பாய்ந்து இளையபெருமாளைத் தரையில் குப்புறத் தள்ளி, வாய்க்குள் விரலை விட்டாள். அவர் கடித்தார். விரல் நகத்தோடு கிழிந்தது. அவள் வலியில் கத்தியபடி அவர் முதுகில் குத்தினாள். "கக்குய்யா! கக்கு!" வரவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து, வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்த சின்ன வேன் பக்கமாக இழுத்துப் போனாள். ஆளைக் கடத்துகிறாள் என்று இப்போதுதான் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. கல் ஒன்று பறந்துவந்து அவள் மண்டையில் பட்டது. யாரோ தராசுத் தண்டால் தோளில் அடித்தார்கள். இடது கை தொங்கிவிட்டது. அவள் காலரை விடவில்லை.

புவனேஸ்வரி அப்போதுகூட ஒதுங்கித்தான் நின்றாள். அண்ணியின் தலையிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிவதையும், கண் தெரியாமல் அவள் அந்த ஆளை இழுத்துக்கொண்டே போவதையும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அரிவாளைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு நடுவில் பாய்ந்தாள்.

"எவனாச்சும் கிட்ட வந்தீங்க, கை இருக்காது!"

வேன்காரர் நடுங்கிப்போய் வண்டியை எடுத்தார். பின்னால் வெங்காயச் சருகுக்கு மேல் மூன்று பேரும். பெரம்பலூர் போகும் வழியெல்லாம் இளையபெருமாள் உதைத்தார், அழுதார், கும்பிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி. என்னைய எறக்கி விட்டுடுங்க. எம்புள்ளைங்க சின்னதுங்க." காத்தாயி அவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எழுந்தால் அறைந்தாள்.

பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில் இறங்கியபோது ரத்தக் காயம் காத்தாயிக்குத்தான் அதிகம். நர்சுகள் அவளைத்தான் முதலில் பிடித்தார்கள். "எனக்கில்ல, அந்தாளுக்கு! கண்வலிக்கிழங்கு தின்னுருக்கான்!" என்று கத்தினாள். இளையபெருமாள், "பொய் டாக்டர். சந்தையில வச்சு என்னைய அடிச்சாங்க. போலீசக் கூப்பிடுங்க" என்றார். பார்த்தால் அவர் சொல்வதுதான் நிஜம் போலத் தெரிந்தது.

பணியில் இருந்த டாக்டரம்மா இரண்டையும் செய்தார். போலீசுக்குச் சொல்லச் சொன்னார். கூடவே, "இவங்க சொல்றது பொய்யா இருந்தா உங்களுக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். நிஜமா இருந்தா உயிரு" என்று சொல்லி, இளையபெருமாள் மறுக்க மறுக்கக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். கரித்தூள் கரைத்துக் கொடுத்து, கையில் ஊசி குத்திச் சொட்டு மருந்து ஏற்றிப் படுக்கவைத்தார். காத்தாயியின் மண்டையில் தையல் போட்டுக்கொண்டே அங்கமுத்துவைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டார்.

"கால் கட்டைவிரலுக்கு என்ன மாத்திரை குடுத்தாங்க?"

காத்தாயி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் துழாவி, அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளைக் காட்டினாள். டாக்டரம்மா ஊசியை நிறுத்தினார்.

"இந்த மாத்திரையும் அதே செடிதாம்மா. அதுல உள்ள மருந்தத் துளித்துளியாப் பிரிச்சு, அளந்து வச்சிருக்காங்க. கிழங்கு அப்படி இல்ல. எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. சித்த வைத்தியம் முறையாப் படிச்சவங்களே விஷத்த எடுத்துச் சுத்தி பண்ணாமத் தொட மாட்டாங்க."

"அப்ப நான் தொட்டுவிட்ட பூவுலேருந்துதான் அவருக்கு மாத்திரை வந்துச்சா?"

"வந்திருக்கலாம்."

தைக்கும்போது கத்தாத காத்தாயி அப்போது வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். வயிற்றால் போகிறது என்று அங்கமுத்து சொன்னபோது, "ஆம்பளைக்கு இது ஒரு சீக்கா" என்று கேலி செய்தது அவளுக்கு நினைவு வந்தது.

போலீஸ் வந்தது. பிற்பகல் முழுவதும் இளையபெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிஸ்கட் கேட்டார். கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததை அவர் சொல்லச் சொல்லப் போலீஸ்காரர் எழுதினார். சந்தையில் எடுத்த வீடியோவும் அதற்குள் போன் போனாக வந்துவிட்டது. காத்தாயியை வராந்தாவில் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை அது வெறும் அமுக்கராதானோ? அப்படியானால் அங்கமுத்துவை யார் கொன்றது? புவனேஸ்வரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவளையே முறைத்துக்கொண்டிருந்தாள். அரிவாள் இன்னும் பைக்குள்தான் இருந்தது.

விளக்கு போடுகிற நேரத்துக்கு உள்ளே ஓர் ஓங்கரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. இளையபெருமாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "எரியுது, எரியுது" என்று அலறினார். வாந்தி சுவர் வரை தெறித்தது. கட்டில் நனைந்தது. ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தவரை நான்கு பேர் சேர்ந்து அமுக்கினார்கள்.

புவனேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். "இதே எரிச்சல்தான். இப்படித்தான் தொண்டையப் புடிச்சுக்கிட்டு..." அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைத் தூணில் முட்டிக்கொண்டாள். காத்தாயி ஒற்றைக் கையால் அவள் நெற்றிக்கும் தூணுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தாள். அந்தக் கையின் மேல் அவள் நாலைந்து தடவை முட்டினாள்.

போலீஸ்காரர் காத்தாயியைக் கூப்பிட்டபோது புவனேஸ்வரிதான் முதலில் எழுந்தாள். பையை அவர் மேஜையில் வைத்தாள்.

"அரிவாள் தூக்குனது நானு சார். பேரு புவனேஸ்வரி. எழுதிக்குங்க."

"சும்மா இருடி" என்றாள் காத்தாயி.

"நீ சும்மா இரு அண்ணி."

இருவரும் திருச்சி பெண்கள் சிறைக்குப் போனார்கள். அங்கேயும் காத்தாயி சும்மா இருக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் புவனேஸ்வரியைத் தள்ளிவிட்ட ஒருத்தியின் காதைக் கிழித்துவிட்டு, தனி அறையில் கிடந்தாள்.

இளையபெருமாள் பிழைத்தார். வயிற்றைக் கழுவச் சீக்கிரம் வந்ததால்தான் பிழைத்தார் என்று டாக்டரம்மா போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். சிறுநீரகம் அடிபட்டு மெல்லத் தேறியது. இரண்டாவது வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. புருவமும் மீசையும்கூடப் போயின. அவர்மேலும் வழக்கு வந்தது. பொட்டலங்களைச் சோதித்ததில் அமுக்கராவோடு கண்வலிக்கிழங்கும் கலந்திருந்தது தெரிந்தது. மலிவாகக் கிடைத்தது என்று அவர் ஒரு வேர் வியாபாரியிடம் வாங்கிய சாக்கு அது. ஊர் ஊராக யார் யாரோ காயவைத்துக் கொண்டுவந்து போடுவார்கள், எதை யார் போட்டார்கள் என்று எனக்கென்ன தெரியும் என்றான் வியாபாரி. யாரோ கொல்லையிலிருந்து கிளறி எறிந்த பழைய கிழங்காக இருக்கலாம். இன்றுவரை ஆள் தெரியவில்லை. தான் வேலை செய்த காடுகளில் வரப்போரம் குவித்துவைத்த கிழங்குகள் எங்கே போயின என்று காத்தாயி யோசிக்காத நாள் இல்லை.

அங்கமுத்துவின் குடல் பரிசோதனை முடிவும் வந்தது. அவன் வயிற்றிலும் அதே அமுக்கராவும் கண்வலிக்கிழங்கும்தான் என்று எஸ்.ஐ. கவியாவைக் கூப்பிட்டுச் சொன்னார். ஜாமீனில் வெளியே வந்த அன்று சிறை வாசலில் கவியா நின்றுகொண்டிருந்தாள். அம்மா காலில் விழப் போனாள். காத்தாயி அவளைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள், அறைந்த தடம் இன்னும் இருக்கும் என்பது போல. கூடச் சாப்பிட்டாள், பேசினாள். ஆனால் மகள் கூப்பிட்டும் திருப்பூருக்குப் போகவில்லை. "என்னைய அப்படிக் கேட்டுட்டாளே" என்று புவனேஸ்வரியிடம் மட்டும் சொன்னாள்.

"நான் கேக்கலயா?"

"நீ வேற. நீ அவரு தங்கச்சி."

வழக்கு இன்னும் பெரம்பலூர் கோர்ட்டில் நடக்கிறது. போன வாய்தாவுக்குப் போனபோது, வராந்தாவில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். புருவம் இல்லாத முகத்தைக் காத்தாயிக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. இளையபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப மருந்து விக்குறதில்லம்மா. பிளாஸ்டிக் குடம் விக்குறேன்." தலைத் துண்டை அவிழ்த்தார். "உங்க வூட்டுக்காரர நான்தாம்மா கொன்னுட்டேன். தெரியாமக் கொன்னுட்டேன்."

காத்தாயி அறைந்தாள். வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெண் போலீஸ் ஓடிவந்து அவள் கையை முறுக்கினாள்.

"விடுங்க மேடம்" என்றார் இளையபெருமாள், கன்னத்தைப் பிடித்தபடி. "எனக்கு ஒண்ணும் கம்ப்ளைண்ட் இல்ல."

கையை விட்டார்கள். காத்தாயி சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அங்கமுத்து செத்தபோதும், தலை உடைந்தபோதும் அழாதவள், அந்த இடத்தில், அத்தனை வக்கீல்களுக்கும் நடுவில், வாய்விட்டு அழுதாள். புவனேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, அழ விட்டாள். இளையபெருமாள் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தூணோடு ஒட்டி நின்றார்.

வாய்தா தள்ளிப்போனது. மூன்று பேரும் ஒரே பஸ் நிறுத்தத்தில் தள்ளித் தள்ளி நின்றார்கள். செந்துறை பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. புவனேஸ்வரி முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரச் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"ஏறு அண்ணி, சீக்கிரம்! நாளைக்குக் கருக்கல்லயே பூ வேலை இருக்குல்ல!"

காத்தாயி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, முன்னால் நின்றவனைத் தோளால் தள்ளிவிட்டு ஏறினாள்.